நெற்றிக்குப் பின்னால் ஒரு பிரேக்

என் அப்பா 'முடியாது' என்று சொல்லி, அவர் ஐம்பதை நெருங்கும்வரை யாரும் கேட்டதில்லை. அவரிடம் இருந்ததெல்லாம் 'பரவாயில்லை', 'அதுக்கென்ன', 'நல்லாருக்கு' மூன்றும்தான். இவற்றை மட்டும் வைத்துக்கொண்டே மனிதர் மத்திய அரசு வேலை வாங்கி, கல்யாணம் பண்ணி, மகளாக என்னையும் பெற்று வளர்த்துவிட்டார். முடிவெட்டுகிறவர் ஒரு பக்கக் கிருதாவை மட்டும் ஏற்றி வெட்டிவிட்டு முழித்தால், பரவாயில்லை. ரெண்டு நாள் தங்குகிறேன் என்று ஊரிலிருந்து வந்த தூரத்துச் சொந்தம் தீபாவளி முடிந்தும் கட்டிலை விடாமல் கிடந்தால், அதுக்கென்ன. அம்மா எதைச் சமைத்துப் போட்டாலும், நல்லாருக்கு. இப்படிப்பட்ட ஆளைத் தங்கமான மனுஷன் என்பார்கள். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன்.

நாங்கள் திருநெல்வேலிப் பக்கம். தொண்ணூறுகளில் மாமல்லபுரத்துக்குத் தெற்கே, கடலோரத்தில் அணு ஆராய்ச்சி ஊழியர்களுக்கான குடியிருப்பில் இருந்தோம். மாடிக்கு ஒரு ஜில்லா என்று சொல்லலாம். கீழ் வீட்டில் தஞ்சாவூர், எதிர் வீட்டில் கோயம்புத்தூர், மேலே நாகர்கோவில். அப்பா கொள்முதல் பிரிவில் குமாஸ்தா. நாற்காலி, மேசை, துடைப்பம், மின்விசிறி வாங்குகிற பிரிவு. வாசலில் போகிற வருகிற எல்லோருக்கும் அவர் எழுந்து நின்று ஒரு 'சார்' போடுவார். ஒருமுறை சைக்கிளில் வந்த பால்காரருக்கும் போட்டுவிட்டார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை திருக்கழுக்குன்றம் சந்தைக்குப் போய்விட்டு ஸ்கூட்டரில் திரும்பும்போது குறுக்கே ஆடு பாய்ந்து அப்பா விழுந்தார். ஹெல்மெட் இருந்தது. எங்கள் குடியிருப்பில் எல்லோரிடமும் ஹெல்மெட் உண்டு, ஏனென்றால் அது இல்லாமல் ஆபீஸ் கேட்டில் காவலர் உள்ளே விடமாட்டார். கேட்டுக்கு வெளியே அது காய்கறிக் கூடை. பெரிய பெரிய விஞ்ஞானிகளே ஹெல்மெட்டைக் கவிழ்த்துப் பிடித்து அதில் முட்டை வாங்கிப் போவதைப் பார்த்திருக்கிறேன். கதிர்வீச்சுக்கு ஏழு அடுக்குப் பாதுகாப்பு யோசிக்கிற ஊரில், மண்டைக்கு இவ்வளவுதான் யோசனை. அப்பாவின் ஹெல்மெட்டில் அன்றைக்குக் கத்திரிக்காய் இருந்தது.

அவரைத் தூக்கிப் போட்டுக்கொண்டு செங்கல்பட்டுக்குக் கொண்டுபோய்ச் சேர்த்த ஆட்டோக்காரர், நானும் அம்மாவும் பதறியடித்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போய் இறங்கியதும் ஹெல்மெட்டை அம்மாவின் கையில் கொடுத்தார்.

"ஒன்னியும் பயப்படாதம்மா. அண்ணாத்த முழிச்சிகினுதான் கீறாரு. நெத்தியிலதான் கொஞ்சம் அடி. கத்திரிக்கா ஒன்னுகூட நசுங்கல, எண்ணிப் பாத்துக்க."

அம்மா அந்தக் கத்திரிக்காயைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதாள். பாவம், வேறெதைப் பிடிப்பது?

நான் அப்போது பிளஸ் டூ. உயிரியலில் மூளைப் படம் போட்டுப் பாகம் குறிப்பதில் என்னை அடித்துக்கொள்ள ஆளில்லை. பெருமூளை, சிறுமூளை, முகுளம் என்று அம்புக்குறி போட்டு, அடிக்கோடும் இழுத்து முழு மதிப்பெண் வாங்குவேன். என்ன பிரயோஜனம்? மூளை என்றால் எனக்கு அது பென்சிலால் வரைகிற ஒரு பூக்கோசு, அவ்வளவுதான். அது என் அப்பாவின் தலைக்குள்ளும் இருக்கிறது என்று அன்றைக்குத்தான் உறைத்தது.

நரம்பு டாக்டரின் மேசைமேல் பிளாஸ்டிக் மூளை ஒன்று இருந்தது. கழற்றிக் கழற்றி மாட்டலாம். டாக்டருக்குப் பெரிய மீசை, அதைவிடப் பெரிய பொறுமை. ஒவ்வொரு துண்டாகக் கழற்றி அம்மாவின் முன்னால் அடுக்கினார். பிடரிப் பக்கம் இருப்பது பார்க்கிறதுக்கு. கண் பின்னால் இருந்து பார்க்கிறது என்றதும் அம்மா தன் பின்தலையைத் தடவிக்கொண்டாள். காதோரம் பொட்டுக்குள்ளே இருப்பது கேட்கிறதுக்கு, ஞாபகம் வைக்கிறதுக்கு. உச்சியில் இருப்பது தொட்டால் சுட்டால் தெரிகிறதுக்கு. அடியில் சிறுமூளை, நடக்கும்போது விழாமல் இருக்க. அதற்கும் கீழே முகுளம், மூச்சும் நெஞ்சுத் துடிப்பும் அதன் பொறுப்பு, அதற்கு லீவே கிடையாது. இதெல்லாம் அப்பாவுக்கு நன்றாகவே இருக்கிறது என்றார். கடைசியாக நெற்றிக்கு நேர் பின்னால் இருந்த துண்டை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார்.

"அடி இங்கதாம்மா. உள்ள கொஞ்சம் கன்றிப் போயிருக்கு. ஆப்பரேஷன் எல்லாம் வேண்டாம். வீக்கம் வடிஞ்சா தானா சரியாகும், மாசக்கணக்குல ஆகும்."

"இது என்ன வேலை செய்யும் டாக்டர்?"

"யோசிக்கிறது, திட்டம் போடறது எல்லாம் இங்கதான். ஆனா முக்கியமா ஒரு வேலை உண்டு. வாய்க்கு வர்றது எல்லாத்தையும் சொல்ல விடாம நிறுத்தறது. ஒரு பிரேக் மாதிரி வெச்சுக்கங்களேன்."

அம்மாவுக்கு நிம்மதியாகப் போயிற்று. பார்வை போகவில்லை, கை கால் போகவில்லை, பிரேக்தானே என்று நினைத்தாள். அப்பா ஊமைச்சாமி, அவருக்கு எதற்குப் பிரேக்?

அது எதற்கு என்று மறுநாளே தெரிந்தது. அப்பாவின் பிரிவு அதிகாரி ரொட்டியும் சாத்துக்குடியுமாக வார்டுக்கு வந்தார். வந்தவர் சாலைப் பாதுகாப்பைப் பற்றி, ஆடு வளர்ப்பவர்களின் பொறுப்பின்மையைப் பற்றி, தன் மூட்டு வலியைப் பற்றி நின்றபடியே பேசிக்கொண்டிருந்தார். அப்பா கண்ணைத் திறந்தார்.

"சார், நீங்க கெளம்புனா நான் தூங்குவேன். ஆபீஸ்லயும் நீங்க பேசுறப்போ எனக்குத் தூக்கந்தான் வரும். அங்க தூங்க முடியாது."

அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். ஆஸ்பத்திரி என்பதால் அதிகாரி சிரித்தார். பிறகு சாத்துக்குடியை வைத்துவிட்டு நடையைக் கட்டினார். அப்பா தூங்கிப்போனார். நான் வெளியே வராந்தாவுக்கு ஓடி, சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். சிரித்து முடித்ததும் பயம் வந்தது.

வீட்டுக்கு வந்த முதல் நாள் அம்மா புளிக்குழம்பு வைத்து, அப்பளம் பொரித்து, கல்யாண மாப்பிள்ளைக்குப் போல இலை போட்டாள். அப்பா ஒரு வாய் வைத்தார்.

"புளி ஜாஸ்தி."

"இன்னைக்குக் கொஞ்சம் கூடிட்டோ?"

"இன்னைக்கு இல்ல. கல்யாணமானதுலேர்ந்து ஜாஸ்தி."

சொல்லிவிட்டு முழுவதையும் சாப்பிட்டார். கோபமில்லை, கிண்டலில்லை, கடிகாரம் பார்த்து மணி சொல்கிற மாதிரி சொன்னார். அம்மா கரண்டியும் கையுமாக நின்றாள். இத்தனை வருஷமும் அவர் சொன்ன ஒவ்வொரு நல்லாருக்கும் அந்த நிமிஷம் அவள் கண் முன்னால் வந்து நின்றிருக்க வேண்டும். மறுபடி செங்கல்பட்டுக்குப் போனபோது, மருந்துச் சீட்டைக்கூட வாங்காமல் அவள் டாக்டரைப் பிடித்துக்கொண்டாள்.

"டாக்டர், இப்படிப் பேசுதது இவரா, இல்ல அந்த அடியா?"

"அடி புதுசா எதையும் உண்டாக்காதும்மா. பிரேக் போன வண்டி வேற ரோட்டுக்குப் போகுமா? போற ரோட்டுலதான் வேகமா போகும்."

"அப்போ உள்ள இருந்ததுதான் வெளிய வருதா?"

"பெரும்பாலும் அப்படித்தான்." பக்கத்தில் உட்கார்ந்திருந்த அப்பாவிடம் திரும்பி, "என்ன சார், என் மீசை எப்படி இருக்கு?" என்றார்.

"உங்களுக்கு எடுபடல. எடுத்துருங்க" என்றார் அப்பா.

டாக்டர் விழுந்து விழுந்து சிரித்தார். அம்மா சிரிக்கவில்லை. அன்றிலிருந்து எங்கள் வீட்டில் அப்பாவிடம் யாரும் எதுவும் கேட்கக்கூடாது என்று சட்டம் வந்தது. கேட்டால்தானே பதில் வரும்? காபி வேணுமா என்று கேட்காமல் காபியைக் கொண்டுபோய் வைத்தாள். சேலை எப்படி இருக்கிறது என்று கண்ணாடியைக் கேட்டாள். விருந்தாளி யாராவது "எப்படி இருக்கீங்க சார்" என்று ஆரம்பித்தால் ஓடிப்போய் நடுவில் நின்று, "நல்லா இருக்காரு, நல்லா இருக்காரு" என்று தானே சொல்லிவிடுவாள்.

ஆனால் ஊர் வாயை மூட முடியுமா? குப்பத்திலிருந்து வருகிற மீன்காரியின் கூடையை எட்டிப் பார்த்து அப்பா, "இது நேத்து மீனு, கண்ணு குழிஞ்சு போயிருக்கு" என்றார். அவள் இடுப்பில் கை வைத்துக்கொண்டாள்.

"யம்மா, இன்னாம்மா உன் வூட்டுக்காரு? இம்மா நாளு குடுத்தத வாங்கித் துன்னுட்டு கம்முனு கெடந்தாரு. இப்போ இன்னா பேச்சு பேசிகினு கீறாரு! வாய தெறந்துட்டாருய்யா மனுசன்!"

திட்டினாளா பாராட்டினாளா தெரியவில்லை. அதற்குப் பிறகு எங்கள் வாசலுக்கு வந்தால் மட்டும் கூடையின் அடியிலிருந்து நல்ல மீனாக எடுத்தாள்.

ஆபீஸில் நடந்ததுதான் கூத்து. வேலை போய்விடும், இல்லையென்றால் வடக்கே எங்காவது தூக்கி அடித்துவிடுவார்கள் என்று அம்மா எல்லாச் சாமிக்கும் நேர்ந்துகொண்டு அனுப்பினாள். அவளுக்கு அரசாங்கம் தெரியாது. குமாஸ்தா ஒரு வாக்கியத்துக்கு ரெண்டு சார் போடுவார், அவருக்கு மேலே இருப்பவர் ஒன்று போடுவார், அதற்கும் மேலே இருப்பவர் போடவே மாட்டார். உச்சியில் இருப்பவர் வாக்கியமே பேசமாட்டார், 'நோ' என்பார். இந்தக் கணக்குப்படி, ஆட்டின் புண்ணியத்தில் என் அப்பாவுக்கு ஒரே நாளில் பல படி பதவி உயர்வு. புதிதாக மாற்றலாகி வந்த அதிகாரி ஒருவர் காகிதம் ஒன்றை நீட்டியபோது, எழுந்திருக்காமலேயே, "தப்பான இடத்துல கையெழுத்துப் போட்டிருக்கீங்க. மாத்திட்டு வாங்க" என்றிருக்கிறார். அவர் "சாரி சார்" என்று மாற்றிக்கொண்டு வந்திருக்கிறார். எதிரே இருப்பது குமாஸ்தா என்று அவருக்கு யாரோ சொல்வதற்குள் சார் சார் என்று பழகிவிட்டது. கடைசிவரை மாற்றிக்கொள்ள வெட்கப்பட்டு அப்படியே கூப்பிட்டார். கேட்டில் காவலர் சல்யூட் அடிக்க ஆரம்பித்தார். அப்பா பதிலுக்குத் தலைகூட ஆட்டவில்லை என்பதால் அடுத்த நாள் இன்னும் விறைப்பாக அடித்தார்.

பிறகு வீட்டுக்கே ஆள் வர ஆரம்பித்தது. குடியிருப்பு முழுக்கப் படித்தவர்கள், நாசூக்கானவர்கள், யாரும் யாரிடமும் மனதில் இருப்பதைச் சொல்லாதவர்கள். உண்மை அங்கே கூட்டுறவுப் பண்டகசாலையில்கூடக் கிடைக்காது. கோயம்புத்தூர்க்காரர் மகளுக்கு வந்த மாப்பிள்ளை போட்டோவைக் கொண்டுவந்து காட்டினார். அப்பா பார்த்துவிட்டு, "போட்டோவுலயே அவன் அம்மாவைத் திரும்பிப் பாக்கான். வேண்டாம்" என்றார். கீழ் வீட்டு மாமி பையனைக் கூட்டி வந்து ஒரு கீர்த்தனை பாட வைத்தாள். பல்லவி முடிவதற்குள் அப்பா, "பையனுக்கு ஓட்டம் நல்லா வருமே, அதுல சேத்து விடுங்க" என்றார். மாமி ஒரு வாரம் பேசவில்லை. பையன் அப்பாவுக்குத் தன் பங்கு மைசூர்பாகைக் கொண்டுவந்து கொடுத்தான்.

எனக்கும் கிடைத்தது. சட்டத்தை மீறி நான் ஒருநாள் கேட்டேன், நான் டாக்டருக்குப் படிப்பேனா என்று. "மாட்டே. ரத்தத்தைப் பாத்தா மூஞ்சியைத் திருப்புதே. படம் வரையத்தான் உனக்குப் பிடிச்சிருக்கு" என்றார். போய்ப் படுத்துக்கொண்டு அழுதேன். எழுந்தபோது தலை லேசாக இருந்தது. பொத்தேரிப் பக்கம் கம்ப்யூட்டர் படிக்கப் போய், பிறகு அதிலேயே வேலையும் வாங்கி, ஊரப்பாக்கத்தில் வீடும் வாங்கியது எல்லாம் அந்த ஒரு 'மாட்டே'யால்தான். உண்மையைச் சொல்லிவிடுகிறேன், நல்ல அப்பாவை விட அந்த அடிபட்ட அப்பாவை எனக்கு அதிகம் பிடித்தது. அவரிடம் எதையும் இரண்டாம் முறை கேட்க வேண்டியதில்லை.

ஆனால் அம்மா இளைத்துக்கொண்டே வந்தாள். அவளிடமும் ஒரு கேள்வி இருந்தது. அது என்னவென்று எனக்குத் தெரியும். எங்கள் சொந்தத்தில் எல்லோருக்குமே தெரியும், ஏனென்றால் அது எங்கள் கல்யாண வீடுகளில் எல்லோரும் சொல்லிச் சிரிக்கிற கதை. அப்பா பெண் பார்க்க வந்தது அம்மாவை அல்ல, அம்மாவின் தங்கையை. சித்தியின் போட்டோவைப் பார்த்துப் பிடித்துப்போய்த்தான் குடும்பத்தோடு ரயிலேறி வந்திருந்தார். சொஜ்ஜியும் பஜ்ஜியும் சாப்பிட்ட பிறகு என் தாத்தா தொண்டையைச் செருமிக்கொண்டு, பெரியவள் இருக்கும்போது சின்னவளைக் கொடுப்பது முறையில்லை, மாப்பிள்ளை பெரியவளைப் பார்க்கட்டும் என்றாராம். அடுக்களையிலிருந்து அம்மாவைக் கூட்டி வந்து நிறுத்தினார்களாம். அப்பா, "அதுக்கென்ன மாமா, பரவாயில்லை" என்றாராம்.

எவ்வளவு பெரிய மனசு என்று எல்லோரும் மெச்சிக்கொள்வார்கள். அம்மாவும் சேர்ந்து சிரிப்பாள். அந்தப் பெரிய மனசு நெற்றிக்குப் பின்னால் இருக்கிற ஒரு பிரேக் என்று இப்போது டாக்டர் பிரித்துக் கழற்றிக் காட்டிவிட்டார். தன் வாழ்க்கையே ஒரு பரவாயில்லையின் மேல் நிற்கிறது என்று அம்மா அதற்கு முன்பு யோசித்திருக்க மாட்டாள்.

அந்த நேரம் பார்த்து மதுராந்தகத்திலிருந்து சித்தி வந்து நின்றாள், அத்தானைப் பார்க்க. சித்தப்பாவுக்கு அங்கே ஒரு ஆபீஸில் வேலை. சித்தி கூடத்தில் காலை நீட்டி உட்கார்ந்துகொண்டு, மதுராந்தகம் ஏரி நிரம்பியதிலிருந்து பக்கத்து வீட்டுச் சண்டைவரை பேசினாள். அம்மா இருவருக்கும் நடுவில் உட்கார்ந்து, யாருக்குமே தேவைப்படாத முருங்கைக்காயை நறுக்கினாள். அப்பா சித்தியையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்ன அத்தான் அப்படிப் பாக்கீங்க?" என்று கேட்டுத் தொலைத்தாள் சித்தி.

அம்மாவின் அரிவாள்மனை நின்றது.

"வந்ததுலேர்ந்து மூச்சு விடாம பேசுதே. எனக்குத் தலை வலிக்கு."

சித்திக்கு முகம் சிவந்துவிட்டது. "அத்தானுக்கு அடி பலமாத்தான் பட்டிருக்கு" என்று சொல்லிக்கொண்டு மத்தியான பஸ்ஸுக்கே கிளம்பிவிட்டாள். அன்று சாயங்காலம் அம்மா பாயசம் வைத்தாள். என்ன விசேஷம் என்று நான் கேட்கவில்லை. ஆனால் ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன்பே அவள் முகம் மறுபடி தொங்கிப்போயிருந்தது.

"இன்னும் என்னம்மா? அதான் சொல்லிட்டாரே, சித்தி பேசினா தலை வலிக்குதுன்னு."

"அது இப்போ உள்ள சங்கதிட்டி. அவ பேச்சைக் கேட்டா யாருக்குந்தான் தலை வலிக்கும். அன்னைக்கு என்னைக் கொண்டுவந்து நிறுத்துனப்போ அவரு மனசு என்ன சொல்லிச்சுன்னு எனக்குத் தெரியணும்."

"கேட்டுடேன். இப்போ கேட்டா பொய்யே வராது."

"அதாம்ட்டி பயமா இருக்கு. பிடிக்கலன்னு சொல்லிட்டாருன்னா, இத்தனை வருஷமும் இந்த வீட்டுல நான் யாரு? யாருக்கோ வச்ச எலையில உக்காந்து சாப்பிட்டவளா?"

எனக்குக் கோபம் கோபமாக வந்தது. கேட்டால் ஒரு நிமிஷம், கேட்காவிட்டால் தினம் தினம் சாவு. இதைக்கூடவா யோசிக்க வேண்டும் என்று கத்தினேன். அம்மா வாய்க்கு வந்ததை விழுங்கிக்கொண்டு தட்டு எடுத்து வைக்கப் போனாள். அவளுக்கு நெற்றியில் அடிபடவில்லை அல்லவா.

இப்படியே மழைக்காலம் போய், தை பிறந்தது. ஒருநாள் அப்பா குழம்பை வாயில் வைத்தார். நாங்கள் வழக்கம்போலத் தலையைக் குனிந்துகொண்டோம். புளியைப் பற்றி ஒன்றும் வரவில்லை. நிமிர்ந்து பார்த்தால் அவர் அம்மாவைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நல்லாருக்கு" என்றார்.

அம்மா பிசைந்த சோற்றை அப்படியே வைத்துவிட்டாள். எந்த மனைவியாவது இந்தச் சொல்லைக் கேட்டு இப்படிப் பயந்திருப்பாளா தெரியாது. அந்த வாரமே செங்கல்பட்டுக்குப் போனோம். டாக்டர் சுத்தியலால் முட்டியைத் தட்டினார், விரலை மூக்கில் தொடச் சொன்னார், கதை ஒன்று சொல்லித் திருப்பிச் சொல்லச் சொன்னார். கடைசியில் மூக்குக்குக் கீழே தடவிக்கொண்டு, "என் மீசை எப்படி சார் இருக்கு?" என்றார்.

அப்பா மீசையைப் பார்த்தார். பிறகு டாக்டரின் முகத்தைப் பார்த்தார். "பரவாயில்லை டாக்டர்" என்றார்.

டாக்டருக்கு ஒரே குஷி. "பாத்தீங்களா? முன்னாடி கேள்வி முடியறதுக்குள்ள பதில் வந்துடும். இப்போ ஒரு செகண்ட் நிக்கறார். என் மூஞ்சியப் பாக்கறார், நான் என்ன நினைப்பேன்னு யோசிக்கறார், அப்புறம் பேசறார். அந்த ஒரு செகண்ட்தாம்மா நெற்றி மடலோட வேலை. முழுசா வரல, விட்டு விட்டுத்தான் வரும். சில நேரம் பிரேக் பிடிக்கும், சில நேரம் பிடிக்காது. இன்னும் கொஞ்ச நாள்ல பழைய ஆளாயிடுவார்."

அம்மா முந்தானையைக் கண்ணில் வைத்துக்கொண்டாள். ஆனந்தக் கண்ணீர் என்று டாக்டர் நினைத்திருப்பார்.

திரும்பி வருகிற பஸ்ஸில் அப்பாவும் அம்மாவும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தார்கள், நான் அவர்களுக்கு நேர் பின் இருக்கையில். திருக்கழுக்குன்றத்தில் டிரைவரும் கண்டக்டரும் டீ குடிக்க இறங்கினார்கள். என்ஜின் நின்றதும் பஸ்ஸுக்குள் திடீரென்று அமைதியாகிவிட்டது. அம்மா முன் கம்பியை இறுகப் பிடித்துக்கொண்டாள். கேட்கப்போகிறாள் என்று அவள் முதுகைப் பார்த்தே எனக்குத் தெரிந்துவிட்டது. கேள், கேள் என்று மனதுக்குள் விரட்டினேன். அடுத்த நொடியே, ஐயோ வேண்டாமே என்று இருந்தது.

"இந்தாருங்க, ஒண்ணு கேக்கட்டுமா?"

"கேளு."

"அன்னைக்கு எங்கப்பா, சின்னவளத் தரமுடியாது, பெரியவளப் பாருங்கன்னு சொன்னாருல்லா. என்னைப் பாத்தப்போ உங்களுக்குப் பிடிச்சிருந்துச்சா?"

"இல்ல" என்றார் அப்பா.

கேள்வி முடிவதற்குள் வந்துவிட்டது. நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

"உன் தங்கச்சியத்தான் பிடிச்சிருந்துச்சு. உங்கப்பா கேட்டப்போ முடியாதுன்னு சொல்ல வாய் வரல. திரும்பிப் போறப்போ ரயில்ல எங்கம்மாகிட்ட அழுதேன்."

அம்மா அசையவில்லை. கம்பியைப் பிடித்திருந்த கையில் வளையல்கூடச் சத்தம் போடவில்லை. அப்பாவின் பின்னந்தலையை எட்டி ஒரு அறை விடலாமா என்று எனக்கு வந்தது. இவ்வளவையும் சொல்ல வேண்டுமா, அழுதது வரைக்குமா? உண்மை உண்மை என்று இத்தனை மாதம் குதித்தவள் நான்தான். அது அம்மாவின் தலையில் இறங்கியபோது, யாராவது அந்த டாக்டரைக் கூப்பிட்டு என் அப்பாவின் பிரேக்கை உடனே மாட்டித் தரமாட்டார்களா என்று இருந்தது.

வெளியே பூ விற்கிறவள் ஜன்னல் ஜன்னலாக வந்து போனாள். அம்மா கம்பியை விடாமலே அவர் பக்கம் திரும்பினாள். இன்னொன்றையும் கேட்பாள் என்று நான் எதிர்பார்க்கவில்லை. என் அம்மாவுக்கு அவ்வளவு தைரியம் உண்டென்று எனக்கு அன்றுவரை தெரியாது.

"சரி. இப்போ?"

அப்பா வாயைத் திறந்தார். உடனே மூடிக்கொண்டு ஒரு செகண்ட் நின்றார். திரும்பி அம்மாவின் முகத்தைப் பார்த்தார், நிதானமாக, கண், மூக்கு, கம்பியைப் பிடித்திருந்த கை என்று எல்லாவற்றையும் பார்த்தார்.

"இப்போ நீ இல்லாம எனக்கு ஒண்ணுமே ஓடாதுளா" என்றார்.

எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. அம்மா அவர் முகத்தையே வெகு நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு கம்பியை விட்டுவிட்டு அவர் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டு, என் பக்கம் திரும்பினாள். கண்ணில் தண்ணீர் நின்றது, சிரித்துக்கொண்டும் இருந்தாள்.

"ஏட்டி, டாக்டர் சொன்னது சரிதான். உங்கப்பாவுக்குக் குணமாயிட்டு."